ரோட்டில் கிடந்த கொப்பு

சென்ற ஆண்டு ஜூலையில் நானும் கணவரும் கொடைக்கானலுக்குப் போயிருந்தோம். ஏரிக்கரைக் கூட்டம் அலுத்துப்போய், மறுநாள் மதியம் கவுஞ்சிப் பக்கம் காரில் கிளம்பினோம். ஓட்டியது நான். குறுகலான பாதை, சரிவெல்லாம் படிப்படியாகக் காய்கறித் தோட்டங்கள், அவ்வப்போது வந்து மூடிவிட்டுப் போகும் மேகம். அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தோம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வழியில் குப்பை கிடந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் தெருவில் எனக்கு 'சுகாதார ஆபீசர்' என்றே பெயர்.

ஓர் இறக்கத்தில், வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு இலையும் தழையுமாக நாலைந்து கொப்புகள் கிடந்தன. காற்றில் முறிந்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். "ஊர் ரோட்டையும் நீதான் கூட்டணுமா?" என்று கணவர் கேலி செய்தார். காதில் வாங்காமல் இறங்கி, எல்லாவற்றையும் இழுத்து ஓரப் புதரில் எறிந்தேன். பின்னால் வருகிறவர்கள் என்னை வாழ்த்துவார்கள் என்று வேறு சொல்லிக்கொண்டேன்.

வளைவைத் திரும்பியதும் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் கேரட் லாரி ஒன்று ரோட்டை அடைத்து நின்றது. முன்சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஜாக்கியில் நிறுத்தியிருந்தார்கள். அடியில் ஒருவர் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நல்லவேளை, மெதுவாக வந்ததால் நிறுத்திவிட்டேன்.

லாரி டிரைவர் ஓடி வந்தார். "யக்கா, மேல கொப்பு ஒடிச்சுப் போட்டிருந்தோமே, பாக்கலையா?"

"கிடந்துச்சு. நான்தான் எடுத்துப் போட்டேன்."

அவர் முகமே மாறிவிட்டது. "அய்யய்யோ, வண்டி பழுதா நிக்குதுன்னு சொல்லத்தானக்கா அதைப் போடுறது! பஸ்ஸு வர்ற நேரமாச்சே! ஏலே, வெளிய வாடா, வெரசா!"

மேலே ஹாரன் கேட்டது. செருப்பை உதறிவிட்டு வளைவை நோக்கி ஓடினேன். புதருக்குள் கையை விட்டு, அகப்பட்ட கொப்புகளையெல்லாம் நடுரோட்டில் இழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கினேன். மேகத்துக்குள்ளிருந்து பஸ்ஸின் விளக்குகள் வந்தன. கத்தினேன், அந்தச் சத்தம் ஓட்டுநருக்குக் கேட்டிருக்காது. ஆனால் கொப்பைப் பார்த்ததுமே பஸ் வேகம் குறைந்து, ஊர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றது. அவர் தலையை நீட்டி, "என்னம்மா, லாரியா?" என்று மட்டும் கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

லாரி டிரைவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. சக்கரம் மாட்டி முடிந்ததும் அவரே மேலே வந்து கொப்புகளை அப்புறப்படுத்தினார். நான் தொடத் தயங்கி நிற்பதைப் பார்த்து, "இப்ப எடுக்கலாம்க்கா, வாங்க. சோலி முடிஞ்சும் எடுக்காமப் போனா, அடுத்த தடவ எவனும் இதை நம்ப மாட்டான்" என்றார். நானும் சேர்ந்து இழுத்தேன்.

திரும்பும் வழியெல்லாம் கணவர் என்னைக் கேலி செய்யவே இல்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

இப்போதும் வழியில் எதுவாவது கிடந்தால் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் லாரிக்கு அடியில் தெரிந்த அந்த இரண்டு கால்களும் கண்ணில் வந்து, யார் எதற்காக இதைப் போட்டார்களோ என்று ஒரு நிமிடம் என்னை நிறுத்திவிடுகின்றன.