வேட்டுக்காரர் வீட்டு நாயும் பிலோமினா மேடமும்

எங்கள் பக்கத்தில் யார் இறந்தாலும் செய்தி முதலில் உறவுக்காரர்களுக்குப் போகும். அடுத்து வேட்டுக்காரர் முருகேசனுக்குப் போகும். கோயில் தேருக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் வேட்டுப் போடுவது அவர் தொழில். சென்ற வாரம் காலையில், ஒரு பசுவுக்குச் சினை ஊசி போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர்தான் கூப்பிட்டார்.

“சார், நம்ம மேடம் போயிட்டாங்களாம். அவுங்க அண்ணன் வேட்டுக்குச் சொல்லி விட்டிருக்காரு.” பிறகு, “போடலாமா சார்?” என்றார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், தேறி வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். போய்விட்டார் என்பதே மனதில் இறங்காத நேரத்தில் இப்படியொரு கேள்வி. “நேர்ல வாரேன், பேசிக்கலாம்” என்று மட்டும் சொன்னேன். டாக்டர் பிலோமினாவை அறிந்த உங்களுக்கு முருகேசன் ஏன் அப்படிக் கேட்டார் என்று விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கீரனூர்ப் பக்கம் ஓர் அரசு கால்நடை மருத்துவமனையில் பல வருடங்கள் நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் ஆவூர்க்காரர். வந்து சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், நாய்களை ஏற்றி நிறுத்தும் எவர்சில்வர் மேசையின் மேல் ஒரு கோணிச்சாக்கை விரித்தது. “கால் வழுக்குது சார். நிக்கவே முடியாத எடத்துல நிறுத்தி வச்சு ஊசியையும் காட்டுனா யாருக்குத்தான் கோவம் வராது?” என்றார். “அடுத்து என்ன மேடம், தலையணையா?” என்று கேட்டேன். சாக்கு வந்த பிறகு நாயை அமுக்கிப் பிடிக்க ஆள் தேட வேண்டிய வேலை பாதி குறைந்துபோனது. ஆனாலும் நான் கேலியை விடவில்லை. அவரும் சாக்கை எடுக்கவில்லை.

நாய்களிடம் இருந்த பொறுமை அவருக்கு மனிதர்களிடம் இருந்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இது அவரைப் பற்றிய கட்டுரையாக இருக்காது. ஒருமுறை ஒரு நாய் தானாகப் பக்கத்தில் வரட்டும் என்று, அதை நேருக்கு நேர் பார்க்காமல் வேப்பமரத்தடியில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்ற ஆட்டுக்காரர் ஒருவருக்குத் தாங்கவில்லை. “மேடம், அது கொட்டாவி விடுது பாருங்க, தூக்கம் வந்துருச்சு. சட்டுன்னு ஊசியப் போட்டு அனுப்புங்க” என்றார். மேடம் திரும்பினார். “தூக்கம் இல்லைங்க, பயம். கொட்டாவி விடுது, ஒதட்ட நக்குது, மூஞ்சியத் திருப்பிக்கிது. நீங்க பல்லு புடுங்கப் போனப்ப எச்சி முழுங்காமயா ஒக்காந்திருந்தீங்க?” ஆட்டுக்காரர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அவருடைய ஆடுதான் கத்திக்கொண்டிருந்தது.

முருகேசனின் நாய்க்கு டைகர் என்று பெயர். பெயரில்தான் புலி, வேட்டுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டு நடுங்கும். கோயில் பூனை தேவருக்கு அஞ்சுமா என்பார்கள். இங்கே வேட்டுக்காரர் வீட்டு நாயே வேட்டுக்கு அஞ்சுகிறது என்றால் ஊர் சும்மா விடுமா? டீக்கடையில் அவரைப் பார்த்தாலே, “என்ன முருகேசா, ஒன் புலி எந்திரிச்சிருச்சா?” என்பார்கள். மானம் போகிறது என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழிதான். பிள்ளைகளை நீச்சல் பழகக் கிணற்றில் தள்ளுகிறோமே, அது. ஒரு சாவு ஊர்வலத்தில், வேட்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புளியமரத்தில் டைகரைக் கட்டிப்போட்டார். பயம் தெளியட்டும் என்று.

அன்று மாலை வீட்டுக்கு வந்த நாயை அவர் மகள் திவ்யா குனிந்து தடவப் போனாள். கையைக் கடித்துவிட்டது. அவள் கூடவே வளர்ந்த நாய்.

மறுநாள் முருகேசன் டைகரை இழுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். மகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தடுப்பூசி ஆரம்பித்தாகிவிட்டது. நாய்க்கும் வெறிநாய்த் தடுப்பூசியெல்லாம் முறையாகப் போட்டிருந்தது. அவர் கேட்டது வேறு ஊசி. “முடிச்சிருங்க சார். ஊர்ல எல்லாரும் அதத்தான் சொல்றாக. ஒரு உறுமல்கூட இல்லாம கடிச்சிருச்சு. இத நம்பிப் புள்ளைய எப்புடி வீட்ல விடுறது?” சொல்லும்போதே அழுதுவிட்டார். கையில் கட்டோடு திவ்யா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

மேடம் அவரிடம் கேட்டது ஒன்றுதான். “முன்னாடி உறுமுமா?”

“உறுமுங்க மேடம். விருந்தாளி வந்தா உறுமும். நல்லா நாலு போட்டு அத நிப்பாட்டிட்டேன்.”

அதற்கு மேடம் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. “உறுமுனா அடிக்காதீங்க. ‘எனக்குப் பயமா இருக்கு, தள்ளிப் போ’ன்னு அது நம்மகிட்டச் சொல்லுது. அந்த வாய அடைச்சிட்டா அப்பறம் பல்லுதான் பேசும்.” முருகேசன், “கெணத்துல தள்ளிவிட்டாத்தானே மேடம் நீச்சல் வரும்?” என்று முனகினார். “தப்பிச்சு வந்தவங்கதான் அப்புடிப் பேசுறாங்க. முங்கிப் போனவங்க வந்து பேசுனாங்களா?” என்றார் மேடம்.

அவர் கேட்ட ஊசியை மேடம் போடவில்லை. நாயையும் பெண்ணையும் தனியாக விடக் கூடாது, கடிக்காமலிருக்க வாய்மூடி போட்டுப் பழக்க வேண்டும், அடி என்பதே கூடாது என்று முதலில் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு முருகேசனின் வேட்டுச் சத்தத்தையே செல்போனில் பதிவு செய்யச் சொன்னார். வாராவாரம் வேப்பமரத்தடியில் அதை வைப்பார்கள். முதலில் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு. சத்தம் வந்ததும் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு. டைகர் உதட்டை நக்கினால், அன்றைக்கு அதோடு நிறுத்தம். “மேடம், ஈரலுக்காகவே பயந்த மாதிரி நடிக்கிது. நாம செல்லம் குடுக்கக் குடுக்கப் பயம் கூடித்தானே போகும்?” என்றார் முருகேசன். “பயந்து ஓடியார புள்ளைய மடியில வச்சுக்கிட்டா பயம் கூடுமா, கொறையுமா?” என்று கேட்டார் மேடம். பிறகு கண்மாயின் ஒரு கரையில் முருகேசன் வேட்டு வைக்க, எதிர்க்கரையில் மேடம் டைகரோடு உட்கார்ந்திருப்பார். ஊரே வேடிக்கை பார்த்தது. நானும்தான்.

திவ்யாவை அவர் அவசரப்படுத்தவில்லை. தள்ளி உட்கார்ந்து பார்க்க மட்டும் சொன்னார். “நீ தொட வேணாம் கண்ணு. அது என்ன சொல்லுதுன்னு மட்டும் பாரு.” அவள் பார்த்தாள். சில வாரங்களில், எங்களுக்கு முன்னால் அவளே, “இப்ப அதுக்குப் புடிக்கலை, போதும்” என்று சொல்லத் தொடங்கினாள். சொல்லத் தெரிந்ததும் அவளுடைய பயம் குறைந்தது. ஒருநாள் டைகர் தானாக எழுந்து போய் அவள் காலடியில் படுத்தது. அன்றைக்கு மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்றார். நாங்களும் தூசி என்றே வைத்துக்கொண்டோம்.

டைகர் வீரனாகிவிடவில்லை. தூரத்து வேட்டுக்கு முருகேசனின் முகத்தைப் பார்த்து ஈரல் கேட்கும்; பக்கத்து வேட்டுக்கு இன்றும் கட்டிலடிதான். “அது போதும் சார். ஒளிய ஒரு எடம் இருக்குன்னு தெரிஞ்ச நாய் எதுக்குக் கடிக்கப் போகுது?” என்பார் மேடம். ஒருநாள் அது முன்பு போலவே விருந்தாளியைப் பார்த்து உறுமியது. முருகேசன் ஓடி வந்து அதை ஒரு நல்ல செய்தியாக எங்களிடம் சொன்னார்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், அவர் ஏன் “போடலாமா” என்று கேட்டார் என்று.

ஆவூரில் நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறையக் கூட்டம். சவப்பெட்டிக்குக் கீழே மேடத்தின் நாய் பாப்பா படுத்திருந்தது. முருகேசன் வேட்டுப் பையோடு ஓர் ஓரமாக நின்றார். மேடத்தின் அண்ணன் அவரிடம், “வேட்டுச் சத்தம் இல்லாம எடுத்தா அநாதப் பொணம்னு சொல்லுவாங்கப்பா. என் தங்கச்சிக்கு ஒரு கொறையும் இருக்கக் கூடாது” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் தங்கச்சிக்கு மரியாதை செய்ய அந்த மனிதருக்கு வேறு என்ன வழி இருந்தது?

முருகேசன் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கும் முன் அவரே முடிவு செய்துவிட்டார். “போடுறேன்ணே. நீங்க அங்கிட்டுக் கொஞ்சம் நில்லுங்க” என்று அண்ணனிடம் சொல்லி, பையை என் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று குரல் கொடுத்தார். “வேட்டுப் போடப் போறோம். நாய உள்ள கூப்ட்டுக் கதவச் சாத்துங்க.” வீடில்லாத நாய்களை என்ன செய்வது? டீ மாஸ்டர் இரண்டைக் கடைக்குள் விட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். செபம் முடித்த ஃபாதர் நின்றார். பேண்டு செட் நின்றது. தூக்க வந்தவர்களும் நின்றார்கள்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “பொணத்த வச்சுக்கிட்டு நாய்க்குக் காத்துக்கெடக்கணுமா?” என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் பாப்பா தலையைத் தூக்கி ஒரு கொட்டாவி விட்டது. உதட்டை நக்கியது.

“தூக்கம் இல்லண்ணே, அதுக்குப் பயம்” என்றேன்.

அவர் குனிந்து அதைப் பார்த்தார். வீட்டில் எத்தனை முறை தங்கச்சி அதையே சொல்லியிருப்பாரோ, தெரியவில்லை. பாப்பாவை மெல்லத் தூக்கிக்கொண்டு பின்கட்டு அறையில் விட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. “இப்பப் போடச் சொல்லுங்க” என்றார்.

நேற்று ஒருவர் நாயோடு வந்தார். மேசையில் ஏற்றியதும் அது என்னைப் பார்த்து உறுமியது. அவர் அடிக்கக் கையை ஓங்கினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மேசையில் மேடத்தின் சாக்கு இன்னும் கிடக்கிறது. அதைவிட, அன்று ஆவூர்த் தெருவில் ஊரே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அவர் எனக்கு விட்டுப்போனதாக எடுத்து வைத்திருக்கிறேன்.

“விடுங்க, அது சொல்லி முடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தேன்.