மூன்றாவது அழைப்பு

வெள்ளவத்தைச் சலூனில் மகனுக்கு முடி வெட்டும் மெஷின் இரைந்தபோது, எனக்கு அம்மாவின் குரல்தான் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொட்டாஞ்சேனையில் இருந்தோம். புற்றுநோய் வந்து அம்மாவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் மாடியில் நின்றே தெருவில் போகும் மீன்காரனிடம் விலை கேட்பவர், அதன்பிறகு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக் காட்டினார்.

சில மாதங்களில் கனடா மாமா ஒரு கருவி அனுப்பினார். அதைத் தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு வாயசைத்தால் சொற்கள் இரைச்சலாக வரும். நான் பயந்துவிடுவேன் என்று, அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசிப் பழகினார்.

ஒருநாள் அவரும் அப்பாவும் கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியாக இருந்தபோது டெலிபோன் அடித்தது. எடுத்தால், ஏற்ற இறக்கமில்லாமல் ஏதோ இரைந்தது. பயத்தில் வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடியும் வைத்தேன். மூன்றாம் தடவை அப்பா பேசினார்.

"ஏன் பிள்ளை வைக்கிறாய்? அம்மாதான் கதைக்கிறா."

பிறகு அந்த இரைச்சல் மெதுவாகக் கேட்டது: "சாப்பிட்டியா?"

"ஓம்," என்றேன். மேசையில் மூடியிருந்த சோற்றை நான் தொட்டிருக்கவில்லை.

"பொய்," என்றது இரைச்சல்.

அம்மாவேதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்றும் வங்கியில் இருப்பவர்கள் அம்மாவின் குரலைக் கேட்டுப் பாதியில் டெலிபோனை வைத்துவிடுவதுண்டு. அவர் கோபப்படுவதில்லை. திரும்ப அழைத்து, முதலில் தன் பெயரைச் சொல்லுவார்.