மகளின் அறையைப் பெருக்கிய நாள்

யாராவது ஊருக்குக் கிளம்பினால், போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வரும்வரை என் மனைவி வீட்டைப் பெருக்க மாட்டாள். ஸ்ரீவராகத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் முப்பது வருஷம் அதைக் கேலி செய்தவன் நான். அவள் இறந்து இரண்டு வருஷமாகிறது.

நர்ஸான எங்கள் ஒரே மகள், சம்பளமில்லாமல் சேவை செய்ய ஆப்பிரிக்காவில் ஓர் அகதி முகாமுக்குக் கிளம்பினாள். தைரியமாகத்தான் வழியனுப்பினேன். தெருவில் எல்லோரும் புண்ணியம் என்றார்கள். அந்தப் புண்ணியத்தோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

இரண்டாம் நாளே சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஆனாலும் மகளின் அறைக்குள் வேலைக்காரியை நான் விடவில்லை.

மூன்றாம் வாரம், அந்த அறையில் உட்கார்ந்து நான் வீடியோ காலில் பேசும்போது மகள் தரையைப் பார்த்துவிட்டாள்.

"என்னப்பா, பெருக்கவே இல்லியா? நான்தான் வந்து சேந்துட்டேனே."

"வேலைக்காரி வரலைம்மா."

பிறகு, "முகாம்ல இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்றாப்பா. சரின்னுட்டேன்" என்றாள்.

"இரும்மா. அங்கதான் ஆள் வேணும்."

போனை வைத்துவிட்டு நானே துடைப்பத்தை எடுத்தேன். தூசியோடு அவளுடைய நீளமான முடி ஒன்று சுருண்டு வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் விமானம் ஏறியவள், அன்றைக்குத்தான் வீட்டைவிட்டுப் போனாள்.