ஞானம்மாவின் நியமனப் பத்திரம்

செய்தி செவ்வாய்க்கிழமை வந்தது. நோர்வூட் பஸ்ஸில் இறங்கிய செல்லாயி என் தையற்கடை வாசலில் நின்று, "ஞானம் அக்கா போயிட்டாங்க" என்றாள். செல்லாயி கொழுந்து பறிக்கிறவள். அரைநாள் பேரையும் அதற்குரிய கூலியையும் விட்டுவிட்டுச் சொல்ல வந்திருந்தாள். சன்னிக் காய்ச்சல், நான்கே நாள். நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் கையை மூட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை இன்னொன்று வந்தது. வரும் ஞாயிறு ஹட்டனில் இரங்கற் கூட்டமாம். 'அரசியல் வானில் சுடர்விட்ட எங்கள் அருமைச் சகோதரி' என்று நோட்டீசு போட்டிருக்கிறார்கள். தலைமை வகிப்பவர் பஜாரில் துணியும் அரிசியும் விற்கும் பெரிய முதலாளி. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பயம் காரணமல்ல. என்ன காரணம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கூட்டத்துக்குப் போகவிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் அவளை அறிந்தவர்கள். ஆனால் அறிந்ததை எல்லாம் வெளியே சொன்னவர்கள் அல்ல.

ஞானம்மா வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். மிஷன் விடுதியில் எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவள். தோட்டத் துரைமாருக்கும் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கும் தொழிலாளர் போடும் மனுக்களை இங்கிலீசில் எழுதிக் கொடுப்பதே அவள் பிழைப்பு. எல்லோருக்கும் வாக்கு என்று சட்டம் வந்து, அரசாங்க சபைக்கு முதல் தேர்தல் அறிவித்தபோது, "இங்கிலீசு தெரிஞ்சவங்கதான் நிக்கலாமாம். எனக்குத் தெரியுமே மேரி" என்றாள். அவ்வளவுதான் அவள் யோசித்தது.

தேர்தலில் நிற்பவர் கொடுக்க வேண்டிய நியமனப் பத்திரத்தில், அவள் பெயரைப் பிரேரிப்பவளாக நான் கையெழுத்துப் போட்டேன். வழிமொழிய இன்னொருவர் வேண்டும். கொட்டகலையில் நடந்த கூட்டத்தில் முதலாளி தாமாகவே எழுந்தார். "என் தங்கச்சிய நான் வழிமொழியிறேன். கையெழுத்தக் கச்சேரியிலேயே போடுறேன், ஊரே பாக்கட்டும்" என்றார். கைதட்டல் வானைப் பிளந்தது. மாலையும் அவருக்குத்தான் விழுந்தது. கட்டி எடுத்துப் போனவள் நான்.

பத்திரம் கொடுக்கும் நாளில் நுவரெலியாக் கச்சேரிப் படியில் காலை எட்டு மணி முதல் நின்றோம். பதினொன்றரைக்கு நான் கடைத்தெருவில் ஓடி, எங்கள் தொகுதி வாக்காளர் ஒருவராவது அகப்படுவாரா என்று தேடினேன். அகப்பட்ட இருவரும் முதலாளி வரவில்லை என்று கேட்டதும் நழுவினார்கள். பகல் பன்னிரண்டுக்கு வெள்ளைக்கார அதிகாரி பத்திரத்தைத் திருப்பித் தந்தார். வழிமொழிபவர் பெயருக்கான கோடு காலியாக இருந்தது. ஞானம்மா அழவில்லை. "அந்தாளுக்கு என்ன ஆச்சோ, காய்ச்சலோ என்னவோ" என்றுதான் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பேச்சைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

காய்ச்சல் இல்லை. அந்தக் காலைநேரம் முழுவதும் அவர் ஒரு துரையின் பங்களா வராந்தாவில் இருந்தார். அங்கே வேலை செய்யும் ஆயா என்னிடம் சட்டை தைக்க வந்தபோது சொன்னாள்: "ஒங்க மொதலாளி நாலு தடவ டீ வாங்கிக் குடிச்சாருங்க. நாந்தான் ஊத்துனேன்." அடுத்த மாதம் அந்தத் தோட்டத்துக்கு அரிசி போடும் உரிமை அவருக்குக் கிடைத்தது.

இதைக் கேட்டதும் ஞானம்மா பத்திரத்துக்குக் கண்ணாடி போட்டு, வந்தவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினாள்.

ஐந்து ஆண்டுகள் அவள் செய்த அரசியலை எந்த நோட்டீசிலும் காணமாட்டீர்கள். வெளியார் லயத்துக்குள் கால் வைத்தால் வழக்குப் போடுவார்கள். தையற்காரியை மட்டும் விடுவார்கள். ஆகவே அவள் என் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னுடன் வந்தாள். அளவெடுக்கிற சாக்கில் ஒவ்வொரு பெண்ணையும் வாக்காளர் பெயர் எழுதும் இடாப்பில் பதிய வைத்தாள். அவளுக்கு அளவெடுக்கத் தெரியாது. அந்த ஆண்டுகளில் நான் தைத்த ரவிக்கைகள் எல்லாம் தோளில் பிடித்தன. ஒருத்தியும் குறை சொல்லவில்லை.

இரண்டாம் தேர்தலில் நிற்க வந்தவர் யார் தெரியுமா? நம் முதலாளி. ஆதரவு கேட்டு அவள் வீட்டுக்கே போனார். நானும் அங்கிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தார், நிமிர்ந்தார், பத்திரத்தைப் பார்த்தார்.

"பழசெல்லாம் மறந்துறணும், ஞானம்மா" என்றார்.

"மறந்துறக் கூடாதுன்னுதான் கண்ணாடி போட்டு வச்சிருக்கேனுங்க. டீ ஆறுது, குடிங்க."

அவர் குடித்து முடிக்கும்வரை அவள் எதிரே நின்றாள். அவரைத் தோற்கடிக்க அவள் புறப்பட்டபோது, பழிவாங்குவது பாவம் என்று எங்கள் பாதிரியார் புத்தி சொன்னார். "பாவந்தாங்க ஐயா. அத ஞாயித்துக்கெழம பாத்துக்கிறேன். தேர்தல் சனிக்கெழம" என்றாள்.

அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி. பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். முதலாளிக்குச் சிவப்பு. தோட்டத்துப் பெண்களை மாரியம்மன் கோயிலில் கூட்டி, கற்பூரம் அணைத்துச் சிவப்புக்கே சத்தியம் வாங்கப் பெரிய கங்காணி ஏற்பாடு செய்திருந்தார். ஞானம்மா முதன்முறையாகக் கலங்கினாள். தான் வேதக்காரியாக இருந்தும், "அந்தப் புள்ளைகள சாமி முன்னால பொய் சொல்ல வைக்க மாட்டேன். தோத்தாலும் சரி" என்றாள்.

வழி சொன்னவள் செல்லாயி. "மொதச் சத்தியம் ஒன்னு இருந்தா, அதுக்கு மேல இன்னொன்னு ஏறாதுங்கக்கா."

கங்காணி கூட்டுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமையே பெண்கள் தாமாகக் கோயிலுக்குப் போனார்கள். சிவப்புப் பெட்டியில் எங்கள் கை படாது என்று கற்பூரம் அணைத்தார்கள். மறுவாரம் கங்காணி கூட்டியபோதும் அமைதியாக அணைத்தார்கள். சிவப்புத் தோற்றது. "சாமி சத்தியத்தையே மீறிட்டீங்களேடி" என்று கங்காணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கத்தினார். "இல்லீங்க, காப்பாத்திட்டோம்" என்றாள் செல்லாயி.

மறுநாள் ஞானம்மா என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளியின் கடைக்குப் போய் ஒரு கெஜம் சிவப்புத் துணி கேட்டாள். சிப்பந்தி எழுந்தான். "மொதலாளி கையாலேயே கிழிச்சுக் குடுக்கட்டும், ராசியான கை" என்றாள். கடை நிறைய ஆட்கள். அவர் கிழித்துக் கொடுத்தார். அந்தத் துணியைத்தான் பத்திரத்தின் பின்னால் வைத்து மறுபடி சட்டம் போட்டாள். எனக்கு அப்படி இனித்த நாள் வேறில்லை. ஒளித்துச் சொல்ல இதில் என்ன இருக்கிறது?

ஆனால் சபைக்குள் அவள் ஒருநாளும் உட்காரவில்லை. இரண்டாம் தேர்தலில் முதலாளியைத் தோற்கடிப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது; அடுத்த தேர்தலில் தானே நிற்கலாம் என்றிருந்தாள். அந்தக் கடன் மட்டும் தீராமலே போய்விட்டது. கடைசிக்கு முந்திய நாள் பார்க்கப் போன என்னிடம் மூச்சிரைக்கச் சொன்னாள்: "மேரி, நான் செத்தா அந்தாளு என்னயத் தங்கச்சின்னு சொல்லக் கூடாது."

அவள் என்னிடம் விட்டுச் சென்றது அந்தச் சட்டம் போட்ட பத்திரம் ஒன்றுதான். என் கையெழுத்தின் கீழே இன்றும் அந்தக் கோடு காலி. அவர் பெயரை நான் எழுதாததற்கு அதுவே காரணம். அந்த இடத்தில் அவர் எழுதாததை வேறு எந்த இடத்திலும் அவருக்காக நான் எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டு வருகிறேன். செல்லாயியும் தோளில் பிடிக்கிற ரவிக்கை போட்ட பெண்களும் என்னுடன் முன்வரிசையில் இருப்பார்கள். தலைவர் பேச எழும்போது பத்திரத்தைக் கண்ணாடியிலிருந்து எடுத்து மேசையில் வைப்பேன். பக்கத்தில் பேனாவும் வைப்பேன். ஊரே பார்க்கட்டும் என்று சொன்னவர்தானே. முதலில் கையெழுத்துப் போடட்டும், பிறகு தங்கச்சி என்று ஆரம்பிக்கட்டும்.