குதிரைப்படைக்கு ஓர் ஆணி

படத்துக்கு ஃபிரேம் போடுவது பெரிய வித்தையில்லை. போட்ட படத்தைச் சுவரில் ஏற்றுவதுதான் வித்தை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் என்னைப்போல் கடை வைத்து அவதிப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கை வைக்காதே

ஈசூனிலிருந்து ரவி சார் ஒரு பழைய படத்தோடு வந்தார். முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் ஐரோப்பாவில் யாரோ செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. இரண்டு குதிரைப்படைகள் மோதுகின்றன; புகை, வாள், கவிழ்ந்த குதிரை. ரொம்ப நாள் ஏங்கி வாங்கினாராம். ஹாலில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

வெள்ளை ஓரத்தைக் கண்டதும் என் கடையில் வேலை பார்க்கும் முத்து பழக்கதோஷத்தில் அதை வெட்டக் கத்தியை எடுத்துவிட்டார். தகடு அழுந்திய தடம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறதாம்; அது போனால் படத்தின் மதிப்பே போச்சாம். சார் படத்தின்மேல் கையை விரித்துக்கொண்டார். "அண்ணே, வெட்டுறதுன்னா என் விரலையும் சேத்து வெட்டுங்க."

எல்லாரும் இடதுகை

வீரர்கள் இடக்கையில் வாள் பிடித்திருப்பதை முத்துதான் கவனித்தார். தகட்டில் வலக்கையாகச் செதுக்கினால் தாளில் இடக்கையாக விழும் என்று சார் விளக்கினார். முத்து தீவிரமாக யோசித்தார். "அப்ப தோத்தவன் இதுல ஜெயிச்சிருவானா சார்?"

ஏழு குதிரை

மறுநாள் சாரின் மனைவி தேவி அக்கா தனியாக வந்து, அந்தப் படம் ஹாலுக்கு வேண்டாம் என்றார். என் கடையில் அதிகம் விற்பது ஏழு வெள்ளைக் குதிரைகள் ஓடும் வாஸ்து படம். அந்தத் தைரியத்தில், "குதிரைதானே அக்கா, வீட்டுக்கு நல்லது" என்று வாயைக் கொடுத்தேன்.

ஓடுகிற குதிரை வேறு, உருண்டு கிடக்கிற குதிரை வேறு என்று அக்கா எனக்குப் பாடம் எடுத்தார். போர்ப் படம் மாட்டினால் வீட்டில் சண்டை வருமாம். சாரை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. வேறு எங்கேதான் வைப்பது என்று கேட்டேன். "போர்தானே, குண்டு போட்டா ஒளியன்னு கட்டுன பாம் ஷெல்டர்தான் எங்க வீட்டு ஸ்டோர்; அங்க சாமானோட சாமானா இருக்கட்டும் லா."

வெள்ளிக்கிழமை

படத்தை வாங்க இருவருமே வந்தார்கள். சார் முகத்தில் களையே இல்லை. சுற்றியிருந்த தாளைப் பிரித்தேன். கண்ணாடியில், தளபதியின் குதிரை நெற்றிக்கு நேராகச் சந்தனமும் குங்குமமும். வெள்ளிக்கிழமைகளில் சாமி படங்களுக்குப் பொட்டு வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். வரிசையாக வைத்துக்கொண்டே வந்த முத்து, போருக்கும் வைத்துவிட்டார்.

நான் பதறிப்போய்த் துணியை எடுத்தேன். அக்கா தடுத்தார். கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பொட்டு வச்ச படத்த எப்படிங்க ஸ்டோர்ல போடுறது? ஹால்லயே மாட்டுங்க, எதிர்ல ஒரு பிள்ளையார் இருக்கட்டும்."

நான் பேசிக் கெடுத்த காரியத்தை முத்து கவனமில்லாமல் முடித்துவைத்ததில், அவரைத் திட்டுவதா சம்பளத்தைக் கூட்டுவதா என்று புரியாமல், அக்கா கேட்ட பிள்ளையாருக்கு ஃபிரேம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.