மெஷினுக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் கடைசியில், கிள்ளானை அடுத்த மேருவில், அலமாரி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஆறு வருடம் உப்புத்தாள் தேய்க்கும் பிரிவில் மரத்தூளைத் தின்றுகொண்டிருந்த என்னை, புதிதாக வந்த கம்ப்யூட்டர் மெஷினில் முதலாளி போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பலகையை வைத்துப் பொத்தானை அழுத்தினால் அதுவே ஓடி ஓடி அலமாரிக் கதவை வெட்டித் தரும். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிள்ளானில் எங்கள் வீட்டுப் பக்கம் யாரைப் பார்த்தாலும் அந்த மெஷின் புராணம்தான்.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி சீனர்தான், ஆனால் பூஜையன்று தானும் ஆசையாக வந்து பொட்டு வைத்துக்கொள்வார். நான் மெஷினைத் துடைத்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். அதன் ஓரத்தில் வட்டமாக, பளபளவென்று ஒரு சின்னக் கண்ணாடி. பொட்டுக்கென்றே செய்த இடம் போலிருந்தது. அங்கேயும் தாராளமாக அப்பினேன்.

மறுநாள் காலை மெஷினை முடுக்கினேன். வெட்டும் தலையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் முதலில் ஓர் எல்லைக்குப் போய் நிற்கும்; அங்கிருந்துதான் அளவு தொடங்கும். அன்று அது நிற்கவே இல்லை. டமார் என்று முட்டி, ஒரு பக்கம் முன்னே, ஒரு பக்கம் பின்னே என்று கோணிக்கொண்டது. வெட்டிப் பார்த்த கதவும் கோணல்.

செந்தூலிலிருந்து மெக்கானிக் அண்ணன் வந்தார். வயரில்தான் கோளாறு என்று கழற்ற ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லை வந்துவிட்டது என்று மெஷினுக்குச் சொல்லும் கண்ணே அந்தக் கண்ணாடிதான்! அதன் மேல் சந்தனம் காய்ந்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னாலோ, மறுபடியும் மரத்தூள். ஆனால் அந்த மனிதர் பாவம், நல்ல வயரையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வயர விடுங்க. நான்தான் அது கண்ணுல சந்தனத்த அப்பிட்டேன்."

அண்ணன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர், கொஞ்சம் தமிழ் வரும்.

"சாமி கும்புட்டா கண்ண தொறக்கும். நீ மூடிட்ட லா."

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. முதலில் மெஷினைச் சரி செய்யுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்று மலாயில் சொல்லிவிட்டு நின்றார்.

அண்ணன் மெஷினின் கண்ணில் இருந்த சந்தனத்தைத் துடைத்தார். போல்ட்டுகளைத் தளர்த்தி, சட்டத்தை நேராக்கி, மறுபடி முறுக்கினார். இரண்டு கதவு வெட்டி, டேப் வைத்து அளந்து, சரியாகிவிட்டது என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. தேய்க்கும் பிரிவில் நாங்கள் டேப்பை நம்ப மாட்டோம். ஒரு கதவின் மேல் இன்னொன்றைக் குப்புறப் போட்டு, அடிவிளிம்பை ஒட்டி வைத்து, பக்க ஓரத்தை விரலால் தடவுவோம். கோணல் இருந்தால் இரண்டு மடங்காகத் தெரியும். தடவினேன். நகம் தட்டியது. சொன்னேன். அண்ணனும் தடவிப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் போல்ட்டைத் தளர்த்தினார். மூன்றாவது தடவை வெட்டிய கதவுகளில் விரல் எங்கேயும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அப்பாடா! கத்த வேண்டும் போலிருந்தது.

முதலாளியும் தடவினார். மேலும் கீழுமாக இரண்டு தடவை.

"மெஷின நீதான் பாக்கணும்," என்றார். "அடுத்த வருஷம் பொட்டு மட்டும் நான் வைக்கிறேன்."

அதற்குப் பிறகு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் தேய்க்கும் பிரிவே எட்டிப் பார்த்தது. தவறு செய்யாமலிருக்க நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. செய்ததை வாய்விட்டுச் சொல்லும் பயம் மட்டும் அன்றோடு என்னை விட்டுப் போய்விட்டது.