பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

ஓட்டங்களை அவர் பார்ப்பதேயில்லை. விடிந்ததும் மயிலாப்பூர் வீட்டு பால்கனியில் பேப்பரை விரித்து, உள்ளூர் லீக் கிரிக்கெட்டின் ஸ்கோர் பக்கத்தில் விரலை வைத்து, பெயர்களுக்கு முன்னால் நிற்கும் இனிஷியல்களை மட்டும் தொட்டுக்கொண்டே இறங்குவார் கோதண்டபாணி. காபி ஆறினால் ஆறட்டும்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் இதே பத்திரிகையில் விளையாட்டு நிருபராகச் சேர்ந்தவர், இன்று அதன் தலைமை நிர்வாகி. அறை மாறியது, கார் வந்தது. விரல் மட்டும் பழைய வேலையை விடவில்லை.

எல்லாம் ஒரு தப்பினால் வந்தது. சேர்ந்த புதிதில், போனில் 'பி' என்று சொன்னது 'டி' என்று காதில் விழ, பி. செம்பியனை டி. செம்பியன் ஆக்கிவிட்டார். மறுநாளே அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பொன்னுரங்கம் என்பவர் பேப்பரை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"நாப்பத்திரெண்டு ரன்னு, கரீட்டு சார். ஆனா இன்னா சார் இது, டி? அவங்கப்பன் நான் உசுரோட கீறேனே!"

சண்டைக்கு வந்திருந்தால் கோதண்டபாணி மறந்திருப்பார். அந்த மனிதர் கெஞ்சினார். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அன்றிலிருந்து போனில் ஸ்கோர் சொல்பவர் யார் 'பி' என்றாலும், "பி ஃபார் பொன்னுரங்கம்தானே? சரியாச் சொல்லுங்கோ. விட்ட ரன்னை அடுத்த மேட்ச்ல எடுத்துக்கலாம், அப்பாவை எங்கே போய் எடுத்துண்டு வரது?" என்பார். பொன்னுரங்கத்தைப் பார்த்தேயிராதவர்கள்கூட அந்த ஆபீசில் அப்படித்தான் சொல்லுவார்கள். கோதண்டபாணியின் அப்பா வேதாந்தமும் தி.நகர் மைதானங்களில் லீக் அம்பயராக வெயிலில் நின்றவர். அவர் பெயர் அச்சில் வந்ததும் இந்தப் பக்கத்தில் மட்டும்தான்.

யாரும் படிப்பதில்லை என்று இயக்குநர்கள் இப்போது அந்தப் பக்கத்தை நிறுத்துகிறார்கள். இரண்டு மாதம் போராடித் தோற்றுவிட்டார். உத்தரவில் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டுமாம். விளையாட்டுப் பிரிவின் ஆசிரியை ஹம்சா காகிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"நீங்க சொன்னாக்கூடவா கேக்கல, சார்?"

"கெஞ்சிட்டேம்மா. வாரத்துக்கு ஒரு நாளாவது போடுங்கோன்னேன். ஆகலை."

ஹம்சா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காகிதத்தின் அடியில் 'வி. கோதண்டபாணி' என்று அச்சாகியிருந்தது. பழக்கதோஷம், விரல் நேராக அப்பாவின் அந்த 'வி'யில் போய் நின்றது. பிழையில்லை. பிறகு பேனாவை எடுத்து அந்த ஓர் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.